எதைக் கட்டாயம் படிக்க வேண்டும்?

ஆசிரியத் தொழிலிற் பல்லாண்டு கழித்தோர்க்கு மாணாக்கர் கேட்கும் கேள்விகள் அத்துணை அச்சந் தருவனவல்ல. பெற்றோர் கேட்கும் கேள்விகளே சிலவேளைகளில் நம்மைத் திகைக்க வைக்கின்றன. அத்தகைய கேள்வியொன்று, நாம் பாடம் திட்டமிடும் முறையையே அடியோடு மாற்றிவிட்டது. அதனை இங்கே எழுதத் துணிந்தமைக்குக் காரணம், எமது தவறு பிறர்க்குப் பயன்படட்டும் என்பதேயாம்.

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதம் நோய்ப்பரவல் காரணமாக நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டதை வாசகர்கள் மறந்திரார். அப்பொழுது நாம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிராமப் பாடசாலையொன்றில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பித்துக்கொண்டிருந்தோம். வகுப்பறை போய் வட்ஸ்அப் குழு வந்தது. திறந்த கல்வி வளங்கள் என்னும் பெரும் புதையல் அந்நாட்களிலேதான் எமக்கு அறிமுகமாயிற்று. வறியவனுக்குத் திடீரெனச் செல்வம் வந்தாற்போல நாமும் நிலைதடுமாறினோம். தாவரத் தண்டின் அமைப்பும் வளர்ச்சியும் என்ற ஒரே பகுதிக்கு மாத்திரம், மூன்று கிழமைக்குள், 42 கோப்புகளை மாணாக்கருக்கு அனுப்பிவிட்டோம். காணொளிகள், ஆங்கிலப் பாடநூல் அத்தியாயங்கள், வண்ணப் படங்கள், தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகள், வினாத்தாள்கள் என அவை பலவகைப்பட்டன. ஒவ்வொன்றையும் அனுப்பும்போது, பிள்ளைகளுக்குப் பெரும் உபகாரம் செய்கின்றோம் என்றே எண்ணி மகிழ்ந்தோம்.

ஊரடங்கு தளர்த்தப்பட்ட ஒரு மாலைப்பொழுதில், மாணவி ஒருத்தியின் தாயார் எமது வீட்டுப் படலையடியில் வந்து நின்றார். உள்ளே வரும்படி அழைத்தும் வரவில்லை.

“சேர், குறை நினைக்கக்கூடாது. பிள்ளைக்கெண்டு தனியப் போன் இல்லை. தகப்பன்ர போன்தான். அவர் வேலையால வர இரவு எட்டு மணியாகும். அதுக்குப் பிறகுதான் பிள்ளை பார்க்கிறது. நீங்கள் அனுப்பினதில முக்கால்வாசி இறக்கவே டேற்றா காணாது. இதுகளில எதைக் கட்டாயம் படிக்க வேணும் எண்டு மட்டும் சொல்லுங்கோ. பிள்ளை, தன்னால ஏலாது, கலைப்பிரிவுக்கு மாறப்போறன் எண்டு அழுகிறாள்.”

நாம் மறுமொழி கூறவியலாது நின்றோம். அந்த 42 கோப்புகளுள் எது இன்றியமையாதது என்பதை நாமே தீர்மானித்திருக்கவில்லை. அதனினும் வெட்கத்துக்குரியது யாதெனில், அவற்றுட் பலவற்றை நாமே முற்றாகப் படித்திருக்கவில்லை! ஆசிரியர் செய்யவேண்டிய தெரிவை, இரவு எட்டு மணிக்குமேல் தந்தையின் தொலைபேசியைக் கையிலேந்தும் ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றிவைத்திருந்தோம். மறுநாட் காலையிற் பதில் தருவதாகக் கூறி அந்த அம்மையாரை அனுப்பிவைத்தோம். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

இனி, திறந்த கல்வி வளம் என்பது யாதென்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். அமெரிக்காவிலுள்ள மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், தனது பாடங்களின் விரிவுரைக் குறிப்புகளையும் பயிற்சிகளையும் உலகத்தார் யாவரும் விலையின்றிக் காணுமாறு இணையத்தில் வைக்கப்போவதாக 2001 ஆம் ஆண்டு ஏப்ரலில் அறிவித்தது. அடுத்த ஆண்டு 50 பாடங்களோடு அம்முயற்சி தொடங்கிற்று. அதே 2002 ஆம் ஆண்டு ஜூலையில், யுனெஸ்கோ பாரிஸ் நகரிற் கூட்டிய மாநாடொன்றிலேதான் ‘திறந்த கல்வி வளங்கள்’ என்ற பெயர் பிறந்தது. 2019 நவம்பரில் யுனெஸ்கோவின் பொது மாநாடு இவ்வளங்களை வளர்க்குமாறு உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் முறைப்படி பரிந்துரை செய்தது. எமது நாட்டிலும், இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தார் கல்வி டிப்ளோமா பயிலும் ஆசிரியர்களிடையே இவ்வளங்களின் பயன்பாட்டை ஆராய்ந்துள்ளனர்.

“எமக்கு இது புதிதா? 1945 ஆம் ஆண்டு முதல் இலவசக் கல்வியும், 1980 ஆம் ஆண்டு முதல் இலவசப் பாடநூலும் பெற்றுவருகின்றோமே!” என்று வாசகர் வினவலாம். நல்ல வினாவே. கன்னங்கரா அவர்கள் போராடிப் பெற்றுத்தந்த இலவசக் கல்வி இல்லையேல் இன்று இதனை எழுதும் நாமும் இல்லை. ஆயினும், இலவசமாகக் கிடைத்தல் வேறு, திறந்திருத்தல் வேறு. அரசாங்கப் பாடநூலை நாம் விலையின்றிப் பெறலாம். அதன் பதிப்புரிமையோ காக்கப்பட்டது. அதிலொரு பகுதியை மாற்றி எழுதி, புதிய படம் சேர்த்து, எமது நூலாக வெளியிட எமக்கு உரிமையில்லை. திறந்த வளத்தில் அவ்வுரிமை முன்கூட்டியே எழுத்தில் தரப்பட்டுள்ளது. டேவிட் வைலி என்னும் அமெரிக்கக் கல்வியாளர் இவ்வுரிமைகளை ஐந்தாக வகுத்தார்: பிரதியொன்றைத் தம்மிடம் வைத்திருத்தல், உள்ளவாறே பயன்படுத்தல், திருத்தியமைத்தல், பிறவற்றோடு இணைத்தல், மற்றவர்க்குப் பகிர்ந்தளித்தல். இலையில் இட்ட சோற்றுக்கும் கையில் தந்த விதைநெல்லுக்கும் உள்ள வேறுபாடு இது.

1981 ஆம் ஆண்டில் எமது பொதுநூலகம் எரியூட்டப்பட்டு 97,000 அளவிலான நூல்கள் சாம்பலானதைக் கண்ட யாழ்ப்பாண மக்களுக்கு, பிரதி வைத்திருக்கும் உரிமையின் பெறுமதியை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2005 ஆம் ஆண்டிற் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவிற் சேர்த்து எவரும் படிக்க வைத்திருப்பது, இவ்வுணர்வின் பயனேயாம்.

நிற்க. விதைநெல்லைப் பெற்ற உழவன் முதலில் வயலைப் பார்ப்பான். நாமோ வயலைப் பாராது மூடை மூடையாகக் கொட்டிவிட்டோம். அன்றிரவு ஒரு புதிய கொப்பியை எடுத்து, பக்கத்தின் குறுக்கே ஐந்து நிரல்கள் வரைந்தோம். முதலாவதிற் கிழமை. இரண்டாவதில், அக்கிழமை முடிவில் மாணாக்கர் செய்யவல்லதாக வேண்டியது. மூன்றாவதில், அதற்குரிய வளம். நான்காவதில், அவ்வளத்தின் உரிமம். ஐந்தாவதில், அது பிள்ளையின் கையைச் சென்றடையும் வழி.

இரண்டாவது நிரலை நிரப்புதலே மிகக் கடினமாயிருந்தது. ‘தண்டின் அமைப்பை அறிவர்’ என்று முதலில் எழுதி, உடனே அதனை வெட்டினோம். அறிந்தனரா என்பதை எங்ஙனம் காண்பது? ‘ஒருவித்திலைத் தண்டினதும் இருவித்திலைத் தண்டினதும் குறுக்குவெட்டைப் பாராது வரைந்து பகுதிகளைக் குறிப்பர்’ என்று திருத்தினோம். இவ்வாறு எழுதியபின் வளங்களைத் தெரிதல் வியக்கத்தக்க அளவு எளிதாயிற்று. வரைவதற்குத் தேவையானது ஒரு தெளிவான படமும் அரைப்பக்க விளக்கமுமே. இருபது நிமிடக் காணொளி அன்று.

ஒவ்வொரு வளத்தையும் மூன்று கேள்விகளால் சோதித்தோம். இதிலுள்ள செய்தி சரியானதா? எமது பாடத்திட்டத்துக்கும் பிள்ளைகளின் மொழிக்கும் பொருந்துமா? இதனை மாற்றவும் பகிரவும் எமக்கு உரிமை உண்டா? இரண்டாவது கேள்வியிற் பல நல்ல வளங்களும் இடறின. தமிழகத்துப் பாடநூல்களில் ‘சைலம்’, ‘புளோயம்’ என வருவனவற்றை நாம் ‘காழ்’ என்றும் ‘உரியம்’ என்றும் கற்பிக்கின்றோம். அவர்தம் ‘ஒளிச்சேர்க்கை’ எமக்கு ‘ஒளித்தொகுப்பு’. இரண்டையும் ஒரே கிழமையில் வாசிக்கும் பிள்ளை, இவை வெவ்வேறு பொருள்கள் என மயங்குதல் இயல்பு. ஆதலின் இருநாட்டுக் கலைச்சொற்களையும் எதிரெதிரே எழுதிய பட்டியலொன்றை முதற் பக்கத்தில் வைத்தோம்.

பொழுது விடியுமுன் 42 கோப்புகள் ஒன்பதாகச் சுருங்கின. கிழமைக்கு ஒன்று கட்டாயம், இரண்டு விருப்பம். கட்டாயமானவை மூன்றும் இணையமின்றியே படிக்கத்தக்கனவாக, தாளில் அச்சிடக்கூடியனவாக இருத்தல் வேண்டுமென விதித்துக்கொண்டோம். காலையில் அவற்றைப் பிரதியெடுத்து, சைக்கிளிற் சென்று அந்த அம்மையாரிடமே கொடுத்தோம். “இவ்வளவுந்தானோ, சேர்?” என்று அவர் கேட்டபொழுது, அந்தக் குரலில் இருந்த ஆறுதல் இன்றும் எம் செவியில் ஒலிக்கின்றது.

பத்து நாள் கழிந்து அத்தாள்கள் திரும்பி வந்தன. ஓரமெங்கும் பென்சிலால் எழுதிய கேள்விகள்! மூன்றாவது கட்டாய வளத்தின் மேல், ‘இது விளங்கவில்லை’ என்று மூன்று முறை எழுதியிருந்தாள். நாமும் மீண்டும் வாசித்தோம். உண்மையில் அது விளங்கவில்லைதான். ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த குற்றம் எம்முடையது. அதனை முற்றாக மாற்றி எழுதினோம். அப்பிள்ளை கலைப்பிரிவுக்கு மாறவில்லை.

பாடசாலை மீளத் திறந்தபின், அடுத்த வகுப்பினர்க்கு இத்திட்டத்தையே கையாண்டோம். அப்பொழுது நிகழ்ந்த இன்னொரு சம்பவத்தையும் கூறுதல் தகும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஓபன்ஸ்டாக்ஸ் நிறுவனத்தார் 2018 ஆம் ஆண்டில் தமது உயிரியல் நூலின் இரண்டாம் பதிப்பை, மூல ஆசிரியரைக் குறிப்பிட்டால் எவரும் மாற்றிப் பயன்படுத்தலாம் என்னும் உரிமத்துடன் வெளியிட்டனர். அதிலிருந்து மரத்தண்டு பருக்கும் விதத்தையும் ஆண்டு வளையங்கள் தோன்றும் விதத்தையும் தமிழாக்கிக் கற்பித்துக்கொண்டிருந்தோம். மாறிழையம் உட்புறமாகக் காழையும் வெளிப்புறமாக உரியத்தையும் தோற்றுவிக்க, ஆண்டு செல்லச் செல்லத் தண்டின் நடுப்பகுதி வைரமேறுகின்றது என்று கூறி முடித்தோம். பின் வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். அவனது தந்தையார் பனைமரம் தறித்துக் கூரைச் சலாகை அரிபவர்.

“சேர், பனைக்கு வைரம் வெளியில எல்லோ? உள்ளுக்குச் சோறுதானே இருக்குது!”

வகுப்புச் சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. எத்துணை கூரிய கேள்வி! பனை ஒருவித்திலைத் தாவரம். இருவித்திலை மரங்களிற்போல வளையமாக அமைந்து தண்டைப் பருக்கச் செய்யும் மாறிழையம் அதற்கு இல்லை. ஆகவே ஆண்டு வளையமும் இல்லை. அதன் கலன்கட்டுகள் தண்டெங்கும் சிதறிக் கிடக்கின்றன. வெளிப்புறத்தில் அவை நெருக்கமாகவும் நார்மிகுந்தும் இருப்பதனாலேயே வெளிப்புறம் இரும்பெனவும் உட்புறம் மென்மையாகவும் உள்ளன. தொல்காப்பியத்தின் மரபியல், வைரத்தை வெளியே உடையவற்றைப் புல் என்றும் உள்ளே உடையவற்றை மரம் என்றும் வகுத்துள்ளது. அங்கே வைரத்துக்கு வழங்கும் ‘காழ்’ என்னும் சொல்லே இன்று எமது பாடநூலில் மேற்கூறிய கலைச்சொல்லாக நிற்கின்றது. சலாகை அரிபவரின் மகனும், பழந்தமிழ் இலக்கணமும், அமெரிக்கப் பாடநூலும் ஒரே பக்கத்தில் சந்திக்க வேண்டியவர்கள் அல்லரோ?

அந்நூலின் உரிமம் எம்மைத் தடுக்கவில்லை. அன்று மாலையே பனையைப் பற்றிய ஒன்றரைப் பக்கத்தை எழுதிச் சேர்த்தோம். யாழ்ப்பாணத்துக்கு இப்பணி புதிதன்று. 1847 ஆம் ஆண்டில் இங்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், ஆங்கில வைத்திய நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். பிறமொழி நூலை எமது பிள்ளைக்கேற்ப மாற்றும் வேலை, இந்த மண்ணில் நூற்றாண்டு கடந்த வேலை.

உரிமம் என்றவுடன் பலர் இது வழக்கறிஞர்க்குரிய விடயமென விலகுகின்றனர். நாமும் அவ்வாறு விலகித் தண்டனை பெற்றோம். 2022 ஆம் ஆண்டில் கடதாசிக்கு ஏற்பட்ட தட்டுப்பாட்டை வாசகர் அறிவர்; மேல் மாகாணத்திற் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. அக்காலத்தில் அயற்பாடசாலை ஆசிரியர் ஒருவர் எமது சிறு கைந்நூலைத் தமது வகுப்புக்கும் தரும்படி கேட்டார். மகிழ்ச்சியோடு எடுத்துப் பார்த்தபொழுது, அதிலிருந்த நான்கு படங்கள் எங்கிருந்து எடுக்கப்பட்டன என்பது எமக்கே தெரியவில்லை! அவசரத்தில், இணையத்திற் கண்டதை ஒட்டியிருந்தோம். கொப்பியின் நான்காவது நிரல் அவ்விடங்களில் வெறுமையாகக் கிடந்தது. பிறர் பொருளை எமது பொருள்போலக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. அந்தப் பக்கங்களைக் கழற்றிவிட்டே கொடுத்தோம்.

அதன்பின்னரே உரிமக் குறிகளை ஒழுங்காகக் கற்றோம். கிரியேட்டிவ் கொமன்ஸ் என்னும் அமைப்பு 2002 டிசம்பரில் முதன்முதலாக வெளியிட்ட இவ்வுரிமங்களை ஒரு பிள்ளையும் அரைமணியில் விளங்கிக்கொள்ளலாம். ஆக்கியோன் பெயரைச் சொல்லுக என்பது ஒன்று. வியாபாரத்துக்குப் பயன்படுத்தற்க என்பது ஒன்று. மாற்றி வெளியிடுவோர் தமது ஆக்கத்தையும் அதே உரிமத்தில் தருக என்பது ஒன்று. மாற்றியதை வெளியிடற்க என்பது மற்றொன்று. கடைசிக் குறியைத் தமிழாசிரியர்கள் குறிப்பாகக் கவனித்தல் வேண்டும். மொழிபெயர்ப்பும் மாற்றமேயாதலால், அக்குறியுடைய நூலைத் தமிழாக்கி வெளியிட உரிமையில்லை. விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் மூன்றாவது குறியை உடையன. அவற்றை எமது நூலிற் தழுவினால், அத்தழுவலையும் அவ்வாறே திறந்து வைத்தல் கடன். எடுத்த ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, ஆக்கியோன், எடுத்த இடம், உரிமம் என்னும் நான்கையும் எடுத்த அன்றே எழுதிவைத்தால் பின்னர் வருந்த நேராது.

கழற்றிய நான்கு படங்களுக்கும் ஈடு தேடினோம். மூன்றை உரிமம் தெளிவான இடங்களிற் கண்டெடுத்தோம். நான்காவது, பனந்தண்டின் குறுக்குவெட்டு. எமது மனத்துக்குப் பிடித்தது எங்குங் கிடைக்கவில்லை. அந்த மாணவனிடம் கூறினோம். மறுநாள் அவன் தந்தையார் அரிந்து கொடுத்த பனைத்துண்டொன்றைச் சைக்கிளின் பின்னே கட்டிக்கொண்டு வந்தான். வகுப்பு முழுவதும் அதனைச் சுற்றி நின்று, கைவில்லை கொண்டு பார்த்தது. அவன் இரண்டு நாள் இருந்து வரைந்தான். வெளியே கரும்புள்ளிகள் நெருங்க, உள்ளே ஐதாகச் சிதற, மிக நேர்த்தியான படம். அவனதும் பெற்றோரதும் சம்மதத்தைப் பெற்று, படத்தின் கீழ் அவன் பெயரையும் உரிமக் குறியையும் பொறித்தோம்.

பெற்றோர்களுக்கு ஒன்று கூற விரும்புகின்றோம். இணையத்திற் பாடங்கள் மலிந்துகிடக்கும் இக்காலத்தில், உங்கள் பிள்ளைகளின் தொலைபேசிகளுக்குக் கோப்புகள் வந்து குவியும். அவற்றைக் கண்டு மலைக்காதீர்கள்; ஆசிரியரிடம் சென்று எதைக் கட்டாயம் படிக்க வேண்டுமெனக் கூசாது கேளுங்கள். விடை சொல்லக் கடமைப்பட்டவர் ஆசிரியரே. மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. விளங்காத இடத்தில் ‘விளங்கவில்லை’ என ஓரத்தில் எழுதுங்கள். நூலிற் கண்டதும் உங்கள் வளவிற் கண்டதும் மாறுபட்டால், எவர் சிரித்தாலும் எழுந்து நின்று கேளுங்கள். திறந்த நூல் என்பது உங்கள் கேள்வியால் திருந்தக்கூடிய நூல்.

ஒவ்வோராண்டும் தவணை தொடங்குமுன் அக்கொப்பியை எடுத்து, ஐந்து நிரல்களையும் புதிதாக வரைகின்றோம். பக்கத்தின் உச்சியில் அந்த அம்மையாரின் கேள்வியை எழுதிய பின்னரே வேலையைத் தொடங்குகின்றோம். சென்ற தவணை, அரிவுகாரர் ஒருவர் பாடசாலைக்கு வந்து, தம் மகன் வரைந்த படம் உள்ள புத்தகத்தைப் பார்க்கலாமோ என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தோம். நெடுநேரம் பார்த்தார். பின்பு விரலால் படத்தின் விளிம்பைத் தொட்டு, “வைரம் சரியாத்தான் விழுந்திருக்குது” என்றார்.